வெள்ளைச்சாமி முகம் காட்டவில்லை

"அண்ணே, லிங்க் ஓப்பன் ஆக மாட்டேங்குது" என்று மெல்பர்னிலிருந்து அரவிந்தன் போனில் சொன்னபோது ஸ்ரீரங்கத்தில் பகல் மணி பன்னிரண்டரை.

"இருங்க தம்பி, பாத்துடலாம்" என்றான் அருள்ராஜ்.

பாத்துடலாம் என்று அவன் சொன்னால் ஒன்றும் புரியவில்லை என்று அர்த்தம். அது அவன் மனைவிக்குத் தெரியும். மெல்பர்னுக்குத் தெரியாது.

மேலூர் ரோட்டு வீட்டுக் கூடத்தின் நடுவில் ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் வெள்ளைச்சாமி. வையம்பட்டியில் உரக்கடை வைத்துச் சம்பாதித்து, ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டிக் குடிவந்து, முந்தின நாள் சாயங்காலம் காபியில் சர்க்கரை கூடிவிட்டது என்று மனைவியைத் திட்டிக்கொண்டிருக்கும்போது பாதி வாக்கியத்தில் போய்ச் சேர்ந்தவர். மீதி வாக்கியத்தை எப்படியும் வந்து சொல்லி முடிப்பார் என்கிற பயம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

அருள்ராஜுக்கு அரியமங்கலத்தில் சின்னதாக ஒரு கடை. நல்லது கெட்டது எதுவானாலும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு வீடியோ காலில் காட்டிக்கொடுப்பது தொழில். ஒரு லேப்டாப், ஸ்டாண்டில் ஒரு வெப்கேம், ஒரு மைக், அந்தப் பக்கத்து முகங்களைக் கூடத்தில் இருப்பவர்கள் பார்க்க ஒரு டிவி. இதுபோல இரண்டு செட் வைத்திருந்தான். இன்னொரு செட்டுடன் அவன் மனைவி லூர்துராணி அன்று பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வேறு வேலையில் இருந்தாள்.

"தம்பி" என்று ஐஸ் பெட்டியின் கால்மாட்டிலிருந்து காளியாயி கூப்பிட்டாள். வெள்ளைச்சாமியின் மனைவி. "எம்புள்ள இவரு முகத்தைப் பாத்து ஒரே ஒரு தடவை 'அப்பா'ன்னு கூப்பிட்டுடணும். எனக்கு வேற எதுவும் வேணாம். அதுக்கப்புறம் எடுத்துட்டுப் போகட்டும்."

சாதாரண ஆசைதான். ஆனால் விஷயம் சாதாரணமில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு அரவிந்தன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு வந்து இதே கூடத்தில் நின்றான். "நான் செத்தாக்கூட என் முகத்தை நீ பாக்கக் கூடாது" என்றார் வெள்ளைச்சாமி. சொன்ன சொல்லை மாற்றி அறியாத மனுஷன். அன்றிலிருந்து அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு கிடையாது. துணி காயப்போடும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போய் காளியாயி மட்டும் மகனோடு பேசுவாள். அந்த வீட்டில் துணி காய்வதற்கு மட்டும் அப்படி நேரமானதை வெள்ளைச்சாமி கவனிக்காமல் இருந்திருப்பாரா என்பது வேறு கதை.

"எதுவா இருந்தாலும் மூணு மணிக்குள்ள" என்றார் வெள்ளைச்சாமியின் தம்பி, அரவிந்தனுக்குச் சித்தப்பா. "மூணுக்கு எமகண்டம் ஆரம்பிச்சுடும். நாளைக்கு சனிக்கிழமை. சனிப் பொணம் தனிப் போகாது. அப்புறம் நம்மள்ல ஒருத்தரையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போயிடுவாரு."

அண்ணன் கூப்பிட்டால் தன்னைத்தான் கூப்பிடுவார் என்று அவருக்கு உள்ளூர ஒரு எண்ணம்.

லிங்க் தயார் செய்வது, அனுப்புவது எல்லாம் லூர்துராணியின் வேலை. போனைக் காதில் வைத்தபடியே அருள்ராஜ் லேப்டாப்பிலிருந்து அவளுக்கு அரவிந்தனின் நம்பரைத் தட்டிவிட்டு, 'இவருக்கு லிங்க் அனுப்பு, அவசரம்' என்று எழுதினான். கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று பதிலாக வந்தது.

"உள்ள வந்துட்டேன்ணே" என்றான் அரவிந்தன். "படம் வருது. ரொம்ப மங்கலா இருக்கு. என் சத்தம் அங்க கேக்குதா?"

டிவியில் எட்டுக் கட்டங்கள். பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் போன் மாடலை வைத்திருந்தார்கள். இதில் எந்தக் கறுப்புக் கட்டம் மெல்பர்ன் என்று அருள்ராஜுக்குத் தெரியவில்லை. எந்தக் கட்டத்திலிருந்தும் சத்தமும் வரவில்லை.

"கேக்கலையே. உங்க மைக் ஆஃப்ல இருக்கும். ஆன் பண்ணுங்க."

"ஆன் பண்ணிட்டேன்."

"கேமராவையும் ஆன் பண்ணுங்க. அம்மா உங்க முகத்தைப் பாக்கணும்ல."

"அதுவும் ஆன்தான்ணே. என் முகம் எனக்கே பெருசாத் தெரியுது."

டிவியில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

"சத்தமாப் பேசிப் பாருங்க தம்பி. வால்யூமை ஃபுல்லா வைங்க."

"ஹலோ! நான் அரவிந்தன் பேசுறேன்! மெல்பர்ன்ல இருந்து! எல்லாருக்கும் கேக்குதா?"

போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. டிவி மூச்சு விடவில்லை.

அருள்ராஜ் தொழில் தெரிந்தவன். சத்தம் போனில், படம் லிங்கில் என்று பிரித்துவிட்டால் காரியம் முடிந்தது. இப்படி ஒரு வளைகாப்பையே நடத்தியிருக்கிறான். போனின் ஸ்பீக்கரைப் போட்டு ஐஸ் பெட்டியின் மேல், வெள்ளைச்சாமியின் நெஞ்சுக்கு நேராக வைத்தான்.

அப்போதுதான் அந்த அழுகை கேட்டது.

பத்து இருபது பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து அழும் சத்தம். நடுநடுவே தப்பு அடிக்கும் சத்தம். 'என்னை விட்டுப் போயிட்டியே ராசா' என்று ஒரு குரல் நீட்டி முழக்கியது. எல்லாம் போனுக்குள்ளிருந்து வந்தது.

கூடத்தில் இருந்த பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இந்த வீட்டில் யாரும் அழவில்லை. தப்பு, மேளம் எதுவும் கூடாது, எவரும் வாய்விட்டு அழக் கூடாது, தெருவில் கேவலம் என்று உயிரோடு இருந்தபோதே வெள்ளைச்சாமியின் உத்தரவு. அதனால் எல்லோரும் பரீட்சை எழுத வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேப்பர்கூடப் படித்துக்கொண்டிருந்தார்.

"யாருண்ணே இவ்வளவு பேரு அழுவுறாங்க?" என்று அரவிந்தனின் குரல் கரகரத்தது. "எங்கப்பாவுக்காக இத்தனை பேரு அழுவாங்கன்னு நான் நெனைக்கவே இல்லண்ணே."

நாங்களும்தான், என்று சித்தப்பாவின் முகம் சொன்னது.

"எக்கோவா இருக்கும்" என்றான் அருள்ராஜ். இல்லாத சத்தத்துக்கு ஏது எக்கோ என்று அவனுக்கே தோன்றியது. அந்தச் சமயம் பார்த்து லூர்துராணி அழைத்தாள். இவளுக்கு வேறு வேலை இல்லை என்று கட் செய்தான்.

"அம்மா எங்க? அம்மாவைக் காணோமே" என்றான் அரவிந்தன்.

"இங்கதான்டா இருக்கேன்! கால்மாட்டுல!" என்றாள் காளியாயி.

"கால்மாட்டுல யாருமே இல்லையேம்மா."

காளியாயி தன்னைத் தானே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"தலைமாட்டுலதான் ஒருத்தங்க இருக்காங்க" என்று அரவிந்தன் தொடர்ந்தான். "பச்சைப் புடவை. பெரிய பொட்டு. அப்பா தலைக்கு மேல கையை வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க. யாருண்ணே அது?"

அருள்ராஜ் தலைமாட்டைப் பார்த்தான். குத்துவிளக்கு இருந்தது. அரிசி நிரப்பிய படி இருந்தது. லேப்டாப்பைப் பார்த்தான். அதே விளக்கு, அதே படி. பச்சைப் புடவை எங்கேயும் இல்லை. ஐஸ் பெட்டியின் மோட்டார் ஒரு தடவை உறுமி அடங்கியது.

"தலைமாட்டுல யாரும் இல்லீங்க தம்பி."

"இருக்காங்கண்ணே. இப்பக்கூடக் கண்ணைத் துடைச்சாங்க."

காளியாயி மெல்ல எழுந்தாள். "பச்சைப் புடவையா? பெரிய பொட்டா?" என்றாள். "ராக்காயி."

மகள் பானுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தையாம்மா?"

"இவரு அக்காதான். செத்து இருவது வருஷமாச்சு. பச்சைப் பட்டு உடுத்தித்தான் எடுத்தோம்." காளியாயியின் குரலில் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. "உசுரோட இருந்தப்பவும் என்னை இவரு பக்கத்துல உட்கார விடமாட்டா. இப்பவும் வந்து தலைமாட்டுல இடம் பிடிச்சுட்டா பாரு!"

பேப்பர் படித்தவர் பேப்பரை மடித்து வைத்தார்.

எல்லாம் கேமரா கோளாறு என்று அருள்ராஜ் முடிவுகட்டினான். அப்படி முடிவுகட்டாவிட்டால் வாசலைப் பார்த்து ஓட வேண்டியிருக்கும். லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தான்.

"இப்ப எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. முகத்துல கண்ணாடி பளபளக்குது. தெரியல."

லைட்டை அணைத்தான். ஜன்னலைச் சாத்தினான். கூடம் இருண்டது. ஐஸ் பெட்டியின் சின்ன பல்பு மட்டும் வெள்ளைச்சாமியின் தாடையில் நீலமாக விழுந்தது. முன்பு இருந்ததே பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

"இப்ப?"

"வெளிச்சம் இன்னும் அதிகமாயிடுச்சுண்ணே. வெயில் நேரா அடிக்குது."

ஜன்னல் சாத்தியிருந்தது. அருள்ராஜ் அதை ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு வந்தான். ஸ்டாண்டோடு கேமராவைத் தூக்கிக் கால்மாட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்தான். "இப்ப உங்களுக்கு அப்பாவோட பாதம் தெரியணும்."

"இல்லையே. தலைதான் தெரியுது. நீங்க கேமராவை நகத்தவே இல்லையேண்ணே."

அருள்ராஜ் உள்ளங்கையால் லென்ஸை மூடினான். லேப்டாப் திரை இருண்டது. டிவி கட்டமும் இருண்டது.

"இப்ப தம்பி?"

"தெரியுதுண்ணே."

அவன் குனிந்து, லேப்டாப்பிலிருந்து வெப்கேம் வயரைப் பிடுங்கினான். வயரின் நுனி அவன் கையில் தொங்கியது. கூடத்தில் எல்லோரும் அந்த நுனியைப் பார்த்தார்கள்.

"இப்ப?" என்றான்.

"ஆங், இப்பதான்ணே சூப்பரா இருக்கு! என்ன பண்ணுனீங்க? கையை வெச்சுடாதீங்க, அப்படியே விட்டுடுங்க."

பானுமதி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். லூர்துராணி மறுபடி அழைத்தாள். அருள்ராஜ் மறுபடி கட் செய்தான். இத்தனை வருடத் தொழிலில் கேமரா இல்லாமல் படம் போனது இதுதான் முதல் தடவை. யார் அனுப்புகிறார்கள் என்று யோசித்தான். பெட்டியைப் பார்த்தான். யோசிப்பதை நிறுத்தினான்.

"பெட்டியைத் தொறந்து, முகத்துத் துணியை நகத்துறாங்க" என்றான் அரவிந்தன். இங்கே பெட்டியை யாரும் தொடவில்லை. "தலையோட சேர்த்து வாயைக் கட்டியிருக்கு. மூக்குல பஞ்சு. பாதி முகத்துக்கு மேல மாலை. ஆனா, அண்ணே... ரொம்பச் சாந்தமா இருக்காரு. லேசாச் சிரிக்கிற மாதிரி இருக்கு. எங்கப்பா சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

அருள்ராஜ் எட்டிப் பார்த்தான். கண்ணாடிக்குக் கீழே வெள்ளைச்சாமி சர்க்கரை கூடிப்போன அதே கடுப்போடு கிடந்தார். ஒரு மயிரிழைகூடச் சிரிப்பு இல்லை.

"பாத்தியா, புள்ளைக்கு மட்டும் சிரிச்சுக் காட்டுறாரு" என்றாள் காளியாயி. அவள் கண் நிறைந்தது. "கூப்பிடு சாமி. அப்பான்னு கூப்பிடு."

"அப்பா!"

அந்த ஒரு வார்த்தைக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது. வந்தபின் நிற்கவில்லை. மெல்பர்னில் மைக் திறந்தபடி, கேமரா எரிந்தபடி, சத்தம் முழு அளவில் இருக்க, அரவிந்தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"அப்பா! என்னை மன்னிச்சுடுங்கப்பா! நான் உங்க புள்ளப்பா! உங்க புள்ளைன்னு நாலு பேருகிட்ட சொல்லிக்கக்கூட நீங்க விடலையேப்பா! எங்கம்மா உங்களுக்குப் பயந்து ஒளிஞ்சு ஒளிஞ்சு அழுதுச்சேப்பா! உங்க பேரனை ஒரு தடவை வந்து பாத்தீங்களாப்பா? உங்களையே உரிச்சு வெச்சிருக்கான்ப்பா!"

கூடத்தில் அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. பாதிப் பேர் பாசத்தில் அழுதார்கள், பாதிப் பேர் பயத்தில் அழுதார்கள். சித்தப்பா இரண்டுக்கும் சேர்த்து அழுதார். உத்தரவு காற்றில் பறந்தது. மேலூர் ரோடு முழுக்கக் கேட்டது.

போனுக்குள் மட்டும் அதுவரை கேட்ட அழுகை சட்டென்று நின்றது. தப்பும் நின்றது. யாரும் மூச்சுகூட விடாத அமைதி.

"எல்லாரும் அழுவுறதை நிறுத்திட்டாங்கண்ணே" என்றான் அரவிந்தன் மூக்கை உறிஞ்சியபடி. "எல்லாரும் திரும்பி என்னையே பாக்குறாங்க."

அருள்ராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டேகால்.

"சட்டுப்புட்டுன்னு வாய்க்கரிசியைப் போடச் சொல்லுப்பா" என்றார் சித்தப்பா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "புள்ள கையால போடணும். அங்க இருந்தே போடட்டும். போட்டா அவங்க எல்லாரும் போயிடுவாங்க."

அவங்க என்றால் யார் என்று எவரும் கேட்கவில்லை.

"அரிசி இருக்கா தம்பி?"

"பாஸ்மதிதான்ணே இருக்கு."

"பொன்னி இல்லாம அவருக்கு ஒரு வாய் இறங்காதே" என்று காளியாயி கவலைப்பட்டாள். பிறகு, "பரவால்ல, புள்ள போடுறதை வேண்டாம்னா சொல்லப்போறாரு" என்று தேற்றிக்கொண்டாள்.

"கேமராவுக்கு முன்னாடி நல்லாத் தெரியுற மாதிரி போடுங்க" என்று அருள்ராஜ் தொழில்முறையில் சொன்னான். "திரையில அப்பா வாய் எங்க இருக்கோ அங்க. மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் அப்பான்னு சொல்லிப் போடுங்க."

அரிசி விழும் சத்தம் போனில் சளசளவென்று கேட்டது. அப்பா. இரண்டாவது தடவை. அப்பா.

"அண்ணே" என்றான் அரவிந்தன். குரல் மாறியிருந்தது. "அந்தப் பச்சைப் புடவை எந்திரிச்சுட்டாங்க."

"கண்டுக்காதீங்க. மூணாவதைப் போடுங்க."

"கேமராகிட்ட வர்றாங்கண்ணே. ரொம்பக் கிட்ட வந்துட்டாங்க. என்னையே கையை நீட்டி..."

போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், பக்கத்தில் நின்று கூப்பிடுவதுபோல, கூடம் அதிரக் கேட்டது.

"யார்றா நீ?"

பானுமதி அலறினாள். சித்தப்பா ஒரே தாவலில் வாசலுக்குப் போய்விட்டார். காளியாயி மட்டும் அசையவில்லை.

"அவ குரலேதான்" என்றாள். "தம்பி பெத்த புள்ளையக்கூட அடையாளம் தெரியாது அவளுக்கு."

மூன்றாவது பிடி அரிசி விழுந்தது. அப்பா. உடனே லைன் துண்டித்துப் போனது.

அதன் பிறகு யாரும் யாரையும் அவசரப்படுத்த வேண்டியிருக்கவில்லை. இரண்டரைக்கெல்லாம் வெள்ளைச்சாமியைத் தூக்கிவிட்டார்கள். கொள்ளிடக்கரை வரை தோளில் கொண்டுபோக ஆள் போதாது என்று காலையில் பேசிக்கொண்டார்கள். இப்போது வீட்டுக்குள் தங்க எந்த ஆம்பளைக்கும் துணிச்சல் இல்லாததால் ஆள் மிஞ்சிப் போனது.

வெறும் கூடத்தில் அருள்ராஜ் வயரைச் சுருட்டினான். காளியாயி அவன் அருகே வந்து தலையில் கையை வைத்தாள்.

"நல்லா இருப்பே தம்பி. எவ்வளவு முரண்டு பிடிச்சாரு பாத்தியா? முகத்தைக் காட்ட மாட்டேன்னு அடம். அவரையே ஜெயிச்சு எம்புள்ளைக்கு முகத்தைக் காட்டிட்டே நீ." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஆறு வருடத்துப் பாரம் இறங்கிய சிரிப்பு. அருள்ராஜுக்கும் கண் கலங்கிவிட்டது. தன் தொழில் மீது அவனுக்கு அவ்வளவு மரியாதை அதுவரை வந்ததில்லை.

போன் மறுபடி அடித்தது. லூர்துராணி. பதினாலு மிஸ்டு கால். இந்தத் தடவை எடுத்தான்.

"என்னடி, உசுரு போற அவசரமா?"

"ஏங்க, பொன்மலைப் பெரியவரை இன்னும் எடுக்க விடலைங்க, மெல்பர்ன்ல இருந்து என் லிங்க்ல வந்து 'அப்பா, அப்பா'ன்னு அழுது வாய்க்கரிசி போட்டானே, அவன் எவளுக்குப் பொறந்தவன்னு தெரியாம பொணம் இந்த வீட்டை விட்டு நகராதுன்னு, அவரு சம்சாரம் பச்சைப் புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க!"